ஐந்து அங்குலம்

கொட்டகைக்குள் படகு ட்ரெய்லரை ஜாக்கியில் ஏற்றியிருந்தார் மெக்கானிக்.

"வேகத்தடையில எல்லாம் அடி தட்டுதுன்னு மூணு வருஷமா புலம்பினேன். இப்பதான் உனக்கு மனசு இறங்குச்சு!" என்று மனைவியிடம் பூரித்தார் கணவர்.

"மாத்திரை போடற நேரமாச்சு, போங்க," என்றாள் அவள்.

அவர் வீட்டுக்குள் போனதும் மெக்கானிக் எழுந்தார். "சக்கர அச்சை ஸ்பிரிங்குக்குக் கீழே மாத்தினா படகு அஞ்சு அங்குலம் உயரும்மா. ஆனா கொட்டகை வாசல்ல படகுக்கு மேல மூணு அங்குலம்தான் இடைவெளி இருக்கு. இங்கேயே செஞ்சா அப்புறம் படகு வெளியே வராது."

"தெரியும். நேத்தே அளந்து பார்த்துட்டேன்."

"அப்புறம் எதுக்கும்மா?"

"அவருக்கு நெஞ்சுவலி வந்து இருபது நாள்தான் ஆகுது. மூணு மாசம் படகைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டார். முந்தாநாள் நான் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள, தனியா இதைக் கார்ல மாட்டிக்கிட்டிருக்கார். எத்தனை தடவைதான் நான் கெஞ்சறது?"

மெக்கானிக் வாசலை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.

"அளவெடுக்கத் தெரியாதவன்னு சார் என்னையே திட்டட்டும்மா. மூணு மாசம் கழிச்சு நானே வந்து இறக்கித் தர்றேன்."