டெஸ்மண்டின் கொடி

“கொடி தலைகீழா இருக்கு பெரியவரே. நட்சத்திரமெல்லாம் கவுந்து தொங்குது” என்றாள் நோரீன்.

நாடாளுமன்றத்துக்கு எதிரே, தூறலில் நின்றிருந்த அந்த மனிதர் அண்ணாந்து பார்த்தார். அவர் தலையிலும் மஞ்சள் நட்சத்திரம் ஒட்டிய நீலத் தொப்பி. “அட, எனக்கு எப்படிப் பார்த்தாலும் ஒண்ணாத்தான்மா தெரியுது” என்றபடி அந்த ஐரோப்பிய ஒன்றியக் கொடியைத் திருப்பிக் கட்டினார்.

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு விலகுவதற்கான மசோதா இன்று ஓட்டுக்கு வருகிறது. அதை எதிர்த்துக் கத்துவதற்கென்றே ஷ்ரூஸ்பரியிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்தாள் நோரீன். இந்த மாதிரிக் கூட்டம் அவளுக்கு இதுதான் முதல் தடவை. வந்ததும் யாருக்குத் தொண்டை பெரிசு என்று பார்த்து, அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பெயர் வில்ஃப் என்றார்.

“மசோதாவைத் தூக்கிக் குப்பையில் போடு” என்று அவர் ஆரம்பித்தால் தெருவைத் தாண்டிக் கேட்டது. அடுத்த வரிதான் அடிக்கடி சிக்கியது. நோரீன் எடுத்துக் கொடுத்தாள்.

தெருவின் மறுபக்கம், விலகியே ஆகணும் என்கிற கூட்டம். அதிலிருந்த ஒரு தாடிக்காரன் கையைக் குவித்துக் கத்தினான். “பெரியவரே, பத்தல. இன்னும் சத்தமா.” அவனைச் சுற்றி ஒரே சிரிப்பு.

நோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “என்ன சிரிப்பு? மசோதால என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா நீ?”

“வெளிய போகணும்னு ஜனங்க அப்பவே ஓட்டுப் போட்டாச்சுக்கா. அதுல படிக்க என்ன இருக்கு? மூணு வருஷமா நீங்கதான் படிச்சுக்கிட்டே இருக்கீங்க.”

“வீட்டைப் பூட்டிட்டுப் போறவன்கூட, கேஸை மூடினோமான்னு ஒரு தடவை பார்த்துட்டுத்தான் போவான்.”

“நீங்க பார்த்துட்டு வர்றதுக்குள்ள பஸ் போயிரும்க்கா.”

வில்ஃப் அவள் கையைப் பிடித்து இழுத்தார். “விடும்மா. நல்ல பையன்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.”

அவர் பார்வை முழுக்க டிவிக்காரர்கள் மேல்தான் இருந்தது. “ஒரு மணிச் செய்தியில இந்தக் கொடி தெரிஞ்சே ஆகணும்மா. இல்லேன்னா வம்பாப் போயிரும்.”

“அப்படி என்ன வம்பு?”

“கொடி என் சிநேகிதன் டெஸ்மண்டோடது. இந்தத் தொப்பியும்தான். தினமும் இதே இடத்துல வந்து நிப்பான். நேத்து படியில விழுந்து இடுப்பு எலும்பை உடைச்சுக்கிட்டான். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில கிடக்கான். நாளைக்கு ஆப்பரேஷன், அதுவரைக்கும் அசையக்கூடாதுங்கறார் டாக்டர். இவன் என்னடான்னா, ‘ஓட்டு நடக்கற அன்னிக்கு டிவில என் கொடி தெரியலேன்னா, நானே எந்திரிச்சு பாலத்துல நடந்து வந்துருவேன்’ங்கறான். செய்யக்கூடிய ஆளு. காலையிலயே காலைக் கீழ வைக்கப் பார்த்திருக்கான். நர்ஸ் ரெண்டு பேர் பிடிச்சு அமுக்கியிருக்காங்க.”

“உங்கள மாதிரி சிநேகிதர் கிடைக்கறதுக்கு அவர் குடுத்து வச்சிருக்கணும்.”

“மூணு வருஷமா அவன் கத்தறதைக் கேட்டாச்சு. இப்ப போய் விட முடியுமா?”

செய்தி தொடங்கிவிட்டது. கேமரா மறுபக்கத்துக் கூட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வில்ஃப் கொடியை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டினார், குதித்துக்கூடப் பார்த்தார். ஒருவரும் திரும்பவில்லை. அவர் முகம் வெளுத்துப்போனது.

நோரீன் யோசிக்கவே இல்லை. தடுப்புக் கம்பிக்கு அடியில் குனிந்து நுழைந்து, மைக் பிடித்திருந்த பெண்ணின் தோளைத் தட்டினாள். “இந்தப் பக்கமும் ஆளு இருக்கும்மா. அவரையும் ஒரு வார்த்தை கேளுங்க.”

கேமரா திரும்பியது. மைக் வில்ஃப் முகத்துக்கு வந்தது. “சொல்லுங்க சார், இந்த மசோதா ஏன் தோக்கணும்னு நினைக்கறீங்க?”

வில்ஃப் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். காலையிலிருந்து ஊரே அதிரக் கத்தியவருக்கு இப்போது வார்த்தை வரவில்லை. பிறகு கேமராவை நேராகப் பார்த்து, வகுப்பில் எழுந்து நின்று ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஆரம்பித்தார்.

“டெஸ்மண்ட் என்ன சொல்றார்னா, முழுசாப் படிக்காம இதை நிறைவேத்தறது கண்ணைக் கட்டிக்கிட்டு ரோட்டைக் கடக்கற மாதிரி. விலைவாசி ஏறும். நம்ம பிள்ளைங்க நினைச்ச ஊர்ல போய் வேலை பார்க்க முடியாது. இதெல்லாம் டெஸ்மண்ட் சொல்றது.” ஒரு மூச்சு விட்டுக்கொண்டார். “டெஸ்மண்ட், கொடி தெரியுதா? காலைக் கீழ வைக்காதே.”

தெருவுக்கு மறுபக்கம் விசில் பறந்தது.

பத்து நிமிஷத்தில் அவர் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே நின்றவரின் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. “படுத்துட்டானாம். டீ வேணும்னு கேட்டானாம். கொடியைக் கோணலாப் பிடிச்சேன்னு எனக்குத்தான் திட்டு.”

நோரீன் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “நம்ம பக்கம் உங்கள மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தாப் போதும் பெரியவரே. இந்த மசோதா எப்பவோ செத்திருக்கும்.”

வில்ஃப் கொடியை அவள் கையில் கொடுத்தார். தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தார். “ஓட்டு முடியற வரைக்கும் நீ தூக்கிப் பிடிச்சுக்கோ தாயி. கீழ போட்டுறாதே, அவன் என்னை உயிரோட விடமாட்டான்.”

காவலுக்கு நின்ற போலீஸ்காரருக்குத் தலையசைத்துவிட்டு, அவர் தெருவைக் கடக்க ஆரம்பித்தார்.

நோரீன் பதறினாள். “அங்க எங்க போறீங்க? அது அவங்க பக்கம்.”

வில்ஃப் நடுத்தெருவில் நின்று திரும்பினார்.

“என் பக்கமும் அதாம்மா.”