அசையாத ஒருத்தி

“யாரோ வேலைவெட்டி இல்லாத பொம்பளை, படத்தையே கெடுத்துட்டா!” என்று கணினியின் முன் பொரிந்து தள்ளினார் புகைப்படக்காரர்.

மனைவி எட்டிப் பார்த்தாள். நீதிமன்றக் கட்டடத்தின் கறுப்பு வெள்ளைப் படம். படிக்கட்டில் குடைக்குள் முகம் மறைந்த ஒரு பெண்.

“ஆறு நிமிஷம் ஷட்டரைத் திறந்தே வெச்சிருந்தேன். அப்படி எடுத்தா நடமாடுற ஜனம் எதுவும் படத்தில விழாது, கட்டடம் மட்டும்தான் நிக்கும். இவ நாலடி நடந்திருந்தாக்கூட மறைஞ்சு போயிருப்பா. கறுப்புக் குடையைப் பிடிச்சுக்கிட்டுக் கல்லு மாதிரி நின்னிருக்கா. இரு, அழிச்சுத் தொலைக்கிறேன்.”

“அது சிவப்புக் குடைங்க.”

“கறுப்பு வெள்ளையில உனக்கெப்படித் தெரியும்?” என்று திரும்பியவரின் பார்வை, கதவில் தொங்கிய சிவப்புக் குடையில் போய் நின்றது.

“மழை இருட்டிக்கிட்டு வந்துது. குடையை மறந்துட்டீங்களேன்னு எடுத்துட்டு வந்தேன். நான் அசைஞ்சா உங்க படம் கெட்டுடுமோன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். நீங்க முடிச்சதும் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காம வண்டியேறிப் போயிட்டீங்க.”

மௌஸின் மேலிருந்த அவர் விரல் அப்படியே நின்றது.

“அழிச்சுடுங்க,” என்றாள் அவள். “கட்டடம் அழகா வந்திருக்கு.”