அதிகமாகக் காட்டுகிற வாட்ச்

மூன்று ஸ்மார்ட் வாட்ச்களையும் ஒரே கையில் வரிசையாகக் கட்டிக்கொண்டு தொந்தியார் ட்ரெட்மில்லில் ஏறினார்.

தொந்தியார் என்பது நான் வைத்த பெயர். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மனதுக்குள் ஒரு பெயர் வைத்துவிடுவேன். விளையாட்டுச் சாமான் கடையில் எட்டு வருடம் நின்றவனுக்கு அந்தப் பொழுதுபோக்குக்கூட இல்லையென்றால் எப்படி?

மற்ற கடைகளில் வாட்சைக் கையில் கட்டி, அழகு பார்த்துவிட்டு வாங்கிப் போவார்கள். எங்கள் கடையில் ஓடிப் பார்த்து வாங்கலாம். அது என் யோசனைதான். அதற்காக என்னை நானே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

பத்து நிமிடம் நடந்தார். நடந்தார் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. கைப்பிடியில் ஒரு கையை ஊன்றித் தொங்கினார். ஆபீஸ் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. நடுவில் ஒரு தடவை, யாரோ துரத்துகிற மாதிரி திரும்பிக்கூடப் பார்த்தார்.

இறங்கியதும் மூச்சு வாங்கியபடி கையை நீட்டினார். முதல் வாட்ச் ஐம்பத்தெட்டு கலோரி எரிந்ததாகச் சொன்னது. இரண்டாவது அறுபத்து மூன்று. மூன்றாவது நூற்றுப் பதினொன்று.

அந்த மூன்றாவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல் தேய்த்தால்கூட அதில் கலோரி ஏறும். உட்கார்ந்த இடத்தில் ஈ ஓட்டினால், ஊரைச் சுற்றி ஓடிவிட்டு வந்ததாகப் பாராட்டும். இதை வாங்காதீர்கள் என்று சொல்வதற்காகவே அதை வைத்திருக்கிறேன்.

"இதுதான் சார் ஓரளவு சரியா காட்டுது," என்று முதல் வாட்சைத் தொட்டேன். "நெஞ்சுல இதயத்துடிப்பு அளக்கற பெல்ட் கட்டிப் பார்த்தாலும் கிட்டத்தட்ட இதேதான் வரும்."

அவர் விரல் மூன்றாவதைத் தடவிக்கொண்டிருந்தது.

"இதைவிட அதிகமா காட்டறது இருக்கா தம்பி?"

எடை மெஷினில் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வாட்சை நாய்க் கழுத்தில் கட்டிவிட்டு, மாலையில் வந்து கழற்றிக்கொண்ட மகானும் என் வாடிக்கையாளர்தான். ஆனால் அவர்களிடம் கொஞ்சம் வெட்கமாவது மிச்சம் இருந்தது. இவர் ஏமாற்றுகிற வாட்சை வாய்விட்டுக் கேட்டு வாங்குகிற ரகம்.

இதற்காக அரைநாள் லீவு வேறு. ஏற்கெனவே மூன்று கடை ஏறி இறங்கிவிட்டாராம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வாட்சோடு வீட்டுக்குப் போயே ஆக வேண்டுமாம். சாப்பாட்டு நேரம் தவறிவிடுமோ என்று நான்கு தடவை மணி பார்த்தார். நடக்கும்போது இல்லாத வேகம் அதில் இருந்தது.

அடுத்து அவர் கேட்டதுதான் உச்சம்.

"இதுல எடையைக் கூட்டிப் போட்டா இன்னும் ஏறுமா?"

ஏறும். முதல் தடவை கட்டும்போது வயது, உயரம், எடை மூன்றையும் வாட்சில் போட வேண்டும். எடை கூடினால் அதே நடைக்குக் கலோரியும் கூடும். இதைக் கண்டுபிடிக்க மூளை இருக்கிறது. அந்த மூளைக்கு, லிஃப்டை விட்டுவிட்டு நாலு படி ஏறலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க எடையை உள்ளபடி போட்டாலே நல்லா ஏறும் சார். கூட்டவே வேணாம்."

கல்லாவில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. சட்டைக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கில்ல தம்பி. பொண்ணுக்கு."

பெற்ற பெண்ணுக்கும் இந்தப் பித்தலாட்டத்தைப் பழக்குகிறாரா என்று நினைத்தபடி, மூன்றாவது வாட்சையே எடுத்து விவரங்களைப் போட ஆரம்பித்தேன். வயது பத்தொன்பது. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம்.

"எடை?"

"முப்பத்திரண்டு."

"இடுப்பு அளவு இல்ல சார். எடை."

"எடைதான். முப்பத்திரண்டு கிலோ."

அவர் என்னைப் பார்க்காமல் ட்ரெட்மில்லைப் பார்த்துச் சொன்னார்.

"விடியக்காலையில இருந்து மொட்டை மாடியில ஓடறா. எவ்வளவு எரிஞ்சதுன்னு வாட்ச் காட்டுதோ, அந்தக் கணக்குக்கு மேல ஒரு வாய் சாப்பிட மாட்டா. டாக்டர்கிட்ட போயிட்டுதான் இருக்கோம். முந்தாநேத்து கோபத்துல அவ வாட்சைத் தூக்கித் தண்ணி வாளியில போட்டுட்டேன். அது இல்லாட்டி தானா சாப்பிடுவான்னு நெனச்சேன். இப்ப கணக்கே தெரியலைன்னு தண்ணியைத் தவிர எதையும் தொட மாட்டேங்கறா."

கல்லாவில் இருந்த பெண் குனிந்துகொண்டாள். எனக்குக் குனிய இடமில்லை. எட்டு வருடமாக அடுத்தவர்களுக்குப் பெயர் வைத்த மனதுக்கு, அந்த நேரத்தில் எனக்கென்று ஒரு பெயர் வைக்கத் தெரியவில்லை. அவ்வளவு கேவலமாக இருந்தது.

முப்பத்திரண்டை அழித்தேன். எண்பது போட்டேன். வாட்சை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன்.

"போதுமா சார்?"

கண்ணைச் சுருக்கி எட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க தம்பி," என்றார்.