ஒரு வரியில் இரண்டு ஊர்

ஈய எழுத்துகள் அச்சுச் சட்டத்துக்குள் அடங்கவில்லை.

அவன் மறுபடியும் கோத்துப் பார்த்தான். மூன்று எழுத்து வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

ரயில் டிக்கெட் அட்டை இரண்டு விரல் அகலம்தான். அதற்குள் தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் ஏறும் ஊரும் இறங்கும் ஊரும் வந்தாக வேண்டும்.

கீழத்தானக்குறிச்சி – திருச்சிராப்பள்ளி.

ரயில்வே அச்சக ஃபோர்மேன் சவரிமுத்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“‘கீழ’ய எடுத்துரு மாசிலாமணி. தானக்குறிச்சின்னு போட்டாப் போதும்.”

மாசிலாமணி அந்த எழுத்துகளைத் தொடவில்லை.

கீழத்தானக்குறிச்சி அவன் மனைவி பொன்னழகியின் ஊர். அங்கிருந்து ஒரு மைல் மேற்கே மேலத்தானக்குறிச்சி. தபாலாபீஸ் அங்கேதான். பள்ளிக்கூடம் அங்கேதான். சந்தை கூடுவதும் அங்கேதான். கீழத்துக்கு இதுவரை எதுவுமே வந்ததில்லை.

இப்போது ரயில் நிற்கப்போகிறது. மேலத்தில் இல்லை, கீழத்தில்.

அட்டையில் வெறும் தானக்குறிச்சி என்று வந்தால் மேலத்துக்காரர்கள் ரயிலையும் தங்களுடையது என்பார்கள்.

அதுகூடப் பரவாயில்லை.

பொன்னழகி அவனோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் வாய்த் துடுக்காக ஒன்று சொல்லிவிட்டான். “இவ ஊரா? மேப்புலயே கிடையாது.” எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மறுநாள் விடிந்ததும் துணிப்பையை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

“‘கீழ’ இருக்கட்டும் சார்.”

“அப்ப எதத்தான் எடுக்கிறது?”

மாசிலாமணி இடுக்கியை எடுத்தான். வரியின் மறுகோடிக்குப் போனான். ராப்பள்ளியை ஒவ்வோர் எழுத்தாகப் பிடுங்கி எழுத்துப் பெட்டியின் அறைகளுக்குள் போட்டான்.

திருச்சி.

“அடப்பாவி, நம்ம ஊரு பேர வெட்டுறியே!”

“நம்மள எல்லாருக்கும் தெரியும் சார்.”

சவரிமுத்து கண்ணாடியை இறக்கி அவனையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“மாமியார் ஊரா?”

அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

“சரி, ஓட்டு. கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

முதலில் சோதனைக்கு ஒரு காகிதத் துண்டைக் கொடுத்தான். எல்லா எழுத்தும் பளிச்சென்று விழுந்தது. ‘கீ’ மட்டும் மங்கல்.

சட்டத்தைக் கழற்றினான். அந்த ஓர் எழுத்துக்கு அடியில் சிகரெட் பெட்டியின் மெல்லிய தாளைக் கிழித்து வைத்தான். எழுத்து மயிரிழை உயர்ந்தது. மறுபடி ஒரு துண்டு.

கீ கறுகறுவென்று விழுந்தது.

வெற்று அட்டைகள் நெட்டைக் குழாயில் அடுக்கியிருந்தன. சக்கரத்தைச் சுற்றினான். தள்ளுகட்டை அடியிலிருந்த ஒரே ஓர் அட்டையை மட்டும் முன்னால் நகர்த்தியது. மை உருளை எழுத்துமேல் ஓடியது. டக். எண் சக்கரம் ஒரு பல் நகர்ந்தது. அடுத்த அட்டை வந்து முந்தையதை இடித்தது. அது மறுபக்கக் குழாய்க்குள் அடிவழியாக ஏறிக்கொண்டது.

0000. 0001. 0002.

டக். டக். டக்.

அவனுக்குப் பாட வேண்டும்போல் இருந்தது. பாடவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றினான்.

அட்டையில் ஒன்றைக்கூட வெளியே எடுத்துப்போக முடியாது. ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது. சோதனைக்கு அடித்த காகிதத் துண்டுக்கு எண் இல்லை. அன்று சாயங்காலம் அதை ஓர் உறையில் போட்டான். கூட நாலு வரி எழுதலாம் என்று உட்கார்ந்தான். ஒன்றும் வரவில்லை. அப்படியே ஒட்டி, பொன்னழகி பேருக்குத் தபாலில் சேர்த்துவிட்டான்.

கீழத்தில் ரயில் நின்ற முதல் நாள், வேலை முடிந்து திருச்சி ஸ்டேஷன் வாசலில் போய் நின்றான். கூட்டம் வந்தது, போனது.

இரண்டாம் நாளும் நின்றான்.

மூன்றாம் நாள் வாசலில் கூட்டம் நகரவே இல்லை. முன்னால் ஏதோ வாக்குவாதம்.

“டிக்கெட்டக் குடுத்துட்டுப் போம்மா.”

“தர மாட்டேங்க.”

அந்தக் குரலைக் கேட்டதும் அவன் தூணோடு ஒட்டிக்கொண்டான்.

“இறங்கிட்டா எங்ககிட்ட குடுத்துரணும்மா. அதான் சட்டம்.”

“இது எங்க வீட்டுக்காரரு அடிச்சதுங்க. எங்க ஊரு பேரு முழுசா இருக்கு பாருங்க. உங்க ஊருதான் அரையாக் கெடக்கு.”

டிக்கெட் கலெக்டர் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உதட்டை அசைத்துப் படித்தார். பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

“யோவ், குடுத்து அனுப்புய்யா! பிள்ளைகுட்டியோட நிக்கிறோம்ல.”

கலெக்டர் வெட்டுக்குறடால் இரண்டு துளை போட்டார்.

“இனி இது செல்லாது. வச்சுக்க.”

பொன்னழகி துளை விழுந்த இடத்தைப் பார்த்தாள். எழுத்தில் படவில்லை. அட்டையைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டாள். அப்போதுதான் தூணைப் பார்த்தாள்.

“ஒளிஞ்சு நிக்கிறதப் பாரு. வழியில கெடக்கிற பெட்டி கண்ணுக்குத் தெரியலையா?”

பச்சை டிரங்குப் பெட்டி. இரண்டு பக்கமும் கைப்பிடி.

அவன் குனிந்து தலையில் தூக்கப் போனான். அவள் விடவில்லை. ஒரு கைப்பிடியைத் தானே பிடித்துக்கொண்டு, மற்றதை அவன் பக்கம் திருப்பினாள்.

இருவரும் சேர்ந்து தூக்கினார்கள்.

பெட்டி நல்ல கனம்.