இழுக்காத வண்டி

ஏற்காடு மலையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவைக்கூட அருணகிரியின் கார் தாண்டவில்லை. ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் உறுமியதே தவிர ஏறவில்லை. பின்னால் வந்த வேன்காரன் தலையை வெளியே நீட்டித் திட்டிவிட்டுப் போனான்.

மலைமேல் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். அதை விட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே அஸ்தம்பட்டியில் ஈஸ்வரின் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்ந்தார் அருணகிரி. கூடவே மனைவி மஞ்சுளா.

"வாங்ண்ணா. பாத்து ரெண்டு மூணு வருசமாச்சு. அக்கா, பாப்பா நல்லா இருக்குதுங்களா? படிப்பு முடிச்சிருச்சா?"

மஞ்சுளா வாயைத் திறப்பதற்குள் அருணகிரி முந்திக்கொண்டார்.

"எங்களுக்குப் பொண்ணு கிண்ணு யாரும் இல்ல. வண்டியப் பாரு."

ஈஸ்வர் கோளாறு காட்டும் ஸ்கேனரை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே மாட்டினான்.

மகள் அறிவுச்செல்வி உயிரோடுதான் இருக்கிறாள். நாமக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணை. அதில் சூப்பர்வைசராக இருக்கும் மதியழகனைக் காதலித்துக் கட்டிக்கொண்டு பண்ணை வீட்டிலேயே குடியிருக்கிறாள், அவ்வளவுதான் அவள் செய்த குற்றம். 'அவ ஊட்டு வாசப்படிய மிதிச்சவங்க இந்த ஊட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது' என்று அன்றைக்கே சொல்லிவிட்டார் அருணகிரி. சொன்னால் சொன்னதுதான், அப்படிப்பட்ட மனுஷன்.

அதனால் மஞ்சுளா சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறி நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகிறாள். ஆஞ்சநேயருக்குப் பத்து நிமிடம். மகளுக்கும் பேரனுக்கும் மூன்று மணி நேரம். பேரன் பிறந்து எட்டு மாதம் ஆகியும் கணவரிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் இந்த வயதில் தன்னையும் வெளியே போகச் சொல்லிவிடுவார் என்ற பயம் அவளுக்கு.

"இன்ஜின்ல பெரிய கோளாறு இல்லீங்ண்ணா. காத்து பத்தலைன்னு காட்டுது" என்றான் ஈஸ்வர். டர்போவுக்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸைத் தடவிப் பார்த்தான். எங்கேயும் கிழிசல் இல்லை. "ஏர் ஃபில்டர் எப்ப மாத்தினது?"

"ஆறு மாசம்தான் ஆச்சு. அதுல ஒண்ணும் இருக்காது. வேற பாரு."

"எதுக்கும் தொறந்து பாத்தர்றேன்."

"அதான் சொல்றேன்ல, புதுசுன்னு!"

அதற்குள் ஈஸ்வர் கிளிப்பைக் கழற்றி ஃபில்டரை வெளியே எடுத்துவிட்டான். மடிப்பு மடிப்பாக இருக்கவேண்டிய காகிதமே தெரியவில்லை. அழுக்கு வெள்ளையில் அடை மாதிரி அப்பிக் கிடந்தது.

"இப்படி அடைச்சுக்கிட்டா வண்டி எங்க மூச்சு விடும், எங்க இழுக்கும்? எங்கீங்ண்ணா ஓட்டறீங்க இத?"

"வாரம் ஒருக்கா, புதன்கிழமை. நூல் ஆர்டருக்குக் குமாரபாளையம் போவேன். தறிப்பட்டறை வாசல்ல நிறுத்துவேன். பஞ்சு பறந்து உள்ள போயிருக்கும்."

"பஞ்சுல ஏதுங்ண்ணா தண்டு?" ஈஸ்வர் நகத்தால் ஒன்றைப் பிடித்து இழுத்து வெளிச்சத்தில் காட்டினான். "கோழி இறகு. தூளு பூரா தீவனம். நம்மகிட்ட வர்ற நாமக்கல் பண்ணைக்காரங்க வண்டியில பாத்திருக்கேன். அவங்க வண்டியிலகூட இத்தன இருக்காது."

கோழி இறகு! மாட்டிக்கொண்டோம் என்றே மஞ்சுளா நினைத்தாள். இனி மறைத்துப் பிரயோஜனம் இல்லை. எப்படியும் ஒரு நாள் தெரியத்தான் போகிறது, இன்றைக்கே தெரிந்துவிட்டுப் போகட்டும்.

"ஏனுங்க... நாந்தானுங்க" என்றாள். "சனிக்கிழமை சனிக்கிழமை நாந்தான் அங்க போயிட்டு வாரேன். என்ற சீலையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். அந்தச் சீலையோடதான் உங்ககூட வண்டியில ஏறறேன். என்னைய என்ன வேணாச் சொல்லுங்க, பொறுத்துக்கறேன். போக வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க."

அருணகிரி வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஈஸ்வருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா, சீலையில ஒட்டினது சீட்டோட நின்னுரும். இன்ஜினுக்குள்ள எப்படிப் போவும்? இது வண்டியே பண்ணையோரமா நின்னு இழுத்தது. அதுவும் சும்மா நின்னா ஏறாது. கண்ணாடிய ஏத்திவிட்டு, ஏசி போட்டுக்கிட்டு, இன்ஜின ஆஃப் பண்ணாம மணிக்கணக்கா நிக்கோணும். வாரா வாரம் நின்னாத்தான் இத்தன அடையும்."

சொல்லிவிட்டுப் புது ஃபில்டர் வாங்க எதிர்க் கடைக்குப் போய்விட்டான்.

மஞ்சுளா தலையை நிமிர்த்திக் கணவரைப் பார்த்தாள். அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அந்த வண்டியின் சாவியை அவர் இதுவரை யாரிடமும் கொடுத்ததும் இல்லை.

அருணகிரி அந்த இறகு அடைத்த ஃபில்டரைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினார். அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"கண்ணாடிக்குள்ள இருந்து பாத்தா ஒண்ணும் காதுல உழுவறதில்ல. பையன என்ன பேரு சொல்லிக் கூப்பிடறாங்க மஞ்சுளா?"