கிறுக்கல்

பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட 1978 கார்டு வரிசையில் வெண்டெலிடம் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: ஓர்வில் பெட்ராக். இருபது வருடம் அலைந்த பிறகு, கிளீவ்லாண்ட் சந்தையில் டெல்மரின் கடையில் அது கிடைத்தது. பணம் எடுக்கக் குனிந்து பையைத் திறந்து அவன் நிமிர்வதற்குள், பக்கத்தில் நின்ற கிழவர் அந்தக் கார்டில் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்.

வெண்டெல் விட்ட குத்தில் கிழவரின் மூக்கு உடைந்து ரத்தம் கொட்டியது.

"ஒரு மூலைகூட மடங்காத கார்டுய்யா. அதுல கிறுக்குற கை இருந்தா என்ன, போனா என்ன."

வெண்டெல் அவருடைய வலது கை விரல்களைப் பிடித்துப் பின்னால் வளைத்தான். இரண்டு முறிந்தன.

டெல்மர் மேஜையைத் தாண்டிக் குதித்து அவனை இழுத்தார். "அடப்பாவி, உனக்காக நான்தான்டா அவரை வரவழைச்சேன்."

கார்டில் எழுத்து பாதியில் நின்றிருந்தது: 'வெண்டெலுக்கு அன்புடன், ஓர்வில் பெட்...'

"மிச்சத்தை இடது கையால போடட்டுமா தம்பி?" என்றார் கிழவர்.