அவன் ஓடவிட்டது

“ஆட்டாம எடுக்கணும். ஒரு நொடி கரண்ட் நின்னாலும் உயிர் போயிடும்,” என்றார் அப்பா.

லாரிக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார். “ஸ்ட்ரெச்சர் எதுவும் கொண்டு வரலையே சார். சாமான் மட்டும்தான்னு சொன்னாங்க.”

“சாமான்தாங்க. நீங்க போய் பீரோவைப் பாருங்க,” என்று அம்மா அவரை உள்ளறைக்கு அனுப்பினாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீங்க. ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்துட்டு நேத்துதான் வந்திருக்கீங்க. கண்ணாடியைக் கூட்டோட வீட்லயே மறந்துட்டுப் போன ஆளு, உயிரைக் காப்பாத்தப் போறாராம்.” கண்ணாடிக் கூட்டை அவர் மடியில் வைத்தாள்.

உயிர் என்றது சமையலறைச் சுவரில் இருந்த பெட்டியை. இரண்டு தீப்பெட்டிகளை ஒட்டினாற்போன்ற அளவு, முகத்தில் சின்னத் திரை. மகன் செய்தது. அதை நிறுத்தாமலே புது வீட்டுக்குக் கொண்டுபோக, அவனோடு வேலை பார்த்த தோழி ஒரு கையடக்க பேட்டரியுடன் வந்திருந்தாள்.

இத்தனை சின்னப் பெட்டிக்குள் பெரிய கணினியின் கட்டளைகள் அடங்காது. அதற்காகவே உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, நூற்றுக்கணக்கான கட்டளைகளை ஒரே குட்டி நிரலாகச் சுருக்கி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றைக் கோத்து மகன் எழுதியது நாலே வரி. காலை ஆறு மணி வரை தூங்கு. எழுந்து இதைக் காட்டு. மறுபடி தூங்கு. முதலிலிருந்து தொடங்கு.

ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் அதைத் தற்காலிக நினைவில்தான் எழுதினான். மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். திரும்பி வந்து சரியாகச் சேமிப்பதாகச் சொன்னான். அவன் ஏறிய பேருந்து எந்த ஊருக்கும் போய்ச் சேரவில்லை. மூன்று வருஷம் ஆகிறது.

இன்று காலை வந்த வரி இன்னும் திரையில் இருந்தது. ‘அம்மா, மாத்திரை. தொப்பையாரே, நடக்கக் கிளம்பும்.’

“நிரந்தரமா சேமிச்சுத் தந்துடறேம்மா. ரெண்டு நிமிஷ வேலை. அப்புறம் தாராளமா நிறுத்தி எடுத்துட்டுப் போகலாம்,” என்றாள் தோழி.

“வேணாம்மா. எழுத்தை யார் வேணா எழுதலாம். இது அவன் கையால ஓடவிட்டது. நிக்கக் கூடாது.” அம்மா கணவரை ஒருமுறை பார்த்தாள். பீரோ கதவு மாட்டிக்கொண்டதென்று லாரிக்காரர் குரல் கொடுக்க, உள்ளே போனாள்.

அவள் போகும்வரை காத்திருந்து அப்பா குரலைத் தாழ்த்தினார். “உன்கிட்ட மட்டும் சொல்றேன். இது அவன் ஓடவிட்டது இல்ல.”

தோழி நிமிர்ந்து பார்த்தாள்.

“முதல் மழைக்காலத்துலயே ஒருநாள் கரண்ட் போயிடுச்சு. எழுந்து பார்த்தா திரை காலி. அவ எழுந்து வர்றதுக்குள்ள அவன் கீபோர்டை மாட்டி நானே தட்டிட்டேன். நாலு வரிக்கு நாற்பது நிமிஷம்.” கண்ணாடிக் கூட்டைத் திறந்து, துடைக்கிற துணிக்கு அடியிலிருந்து மடித்த சீட்டை எடுத்தார். “அவன் எழுதறப்போ பக்கத்துல நின்னு காப்பி பண்ணி வச்சேன். நாமளும் கத்துக்கலாமேன்னு. கத்துக்கிட்டேன், பார்.”

“அம்மாவுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா உடைஞ்சிடுவா. மறுநாளே பெரிய பேட்டரி வாங்கி மாட்டிட்டேன். வாராவாரம் அதைத் துடைச்சு, தண்ணி ஊத்தி, நான்தான் பார்த்துக்கறேன். ரெண்டேகால் வருஷமா ஒரு நொடி நின்னதில்ல.” அவர் சிரிக்க முயன்றார். “தொப்பையாரேன்னு என் கையாலயே தட்டினேன் பாரு, அதுதான் கொடுமை. இப்ப தொப்பையும் போயிடுச்சு.”

தோழி தன் பேட்டரியை இணைத்தாள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க மடிக்கணினியை மாட்டினாள். பெட்டி எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று சொல்ல அந்தக் குட்டி நிரலில் ஒரு கட்டளை உண்டு. தட்டினாள். ஒரே வரியில் பதில் வந்தது.

அதை இரண்டு தடவை படித்தாள்.

“என்ன காட்டுது? எனக்கு எழுத்தெல்லாம் கலங்கலாத் தெரியுது.”

மடிக்கணினியை மெல்ல மூடினாள். “ரெண்டு வருஷம் மூணு மாசம்ப்பா. நீங்க சொன்ன கணக்குத்தான்.”

அப்பா சீட்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து உள்ளே வைத்தார். மூன்றாவது அழுத்தலில்தான் கூடு மூடிக்கொண்டது.

பெட்டியைக் கழற்றி, பேட்டரியோடு காரின் முன்சீட்டில் அவர் மடியில் வைத்துவிட்டு, தோழி திருப்புளியை எடுக்கத் திரும்பி வந்தாள். சமையலறை காலியாக இருந்தது. சுவரில் நாலு ஓட்டைகளும், அழுக்கேறாத ஒரு சின்னச் சதுரமும் மட்டும். அம்மா அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

“எத்தனை நாளா ஓடுதுன்னு கேட்டாரா?”

“கேட்டார்மா. ரெண்டு வருஷம் மூணு மாசம்னு சொல்லியிருக்கேன்.”

அம்மா அந்தச் சதுரத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தாள்.

“பத்தொன்பது நாள்னு சொல்லிடாதம்மா, உடைஞ்சிடுவார்.”